எருவும் நஞ்சும் மண்ணில் சந்தித்த வரலாறு: ஜவ்வாது மலை அடிவார வேளாண்மையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிலத்தில் இடும் எரு, அதே நிலத்தில் விழும் பூச்சிக்கொல்லியைப் பிடித்து நிறுத்துகிறது. நுண்ணுயிர்களைப் பெருக்கி அதனைச் சிதைக்கிறது. நீரில் கரைந்த நிலையில் அதனைச் சுமந்துகொண்டு கீழேயும் இறங்குகிறது. இம்மூன்று செயல்களும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளை முன்னிட்டு அறியப்பட்டன. அவ்வறிதலின் வரலாற்றையும், வேளாண் அறிவியலும் சட்டமும் எருவையும் நஞ்சையும் தனித்தனித் துறைகளாக வைத்துக்கொண்டதன் விளைவையும் ஜவ்வாது மலைப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஜவ்வாது மலை, தழை எரு, பூச்சிக்கொல்லி, மட்கு, மண் கரிமம், செய்யாறு

மலையும் நீர்வழியும்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. ஜமுனாமரத்தூர் இதன் மைய ஊர். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் (இப்பெயர் மலையில் வாழ்வோரைச் சுட்டுவது, கேரளத்தாரைச் சுட்டுவதன்று) சாமை, கேழ்வரகு, கொள்ளு முதலியவற்றைப் பயிரிடும் கொல்லைகள் பெரும்பாலும் சரிவானவை, வானம் பார்த்தவை. செய்யாறு, கமண்டல நதி, நாகநதி, மிருகண்டா நதி ஆகியன இம்மலையிலிருந்தே இறங்குகின்றன. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் பெயர்சொல்லிக் குறிக்கும் சேயாறு இச்செய்யாறே என்பர். அடிவாரத்தில் செங்கத்தை அடுத்துக் குப்பநத்தம் அணையும், படவேட்டுப் பக்கம் செண்பகத்தோப்பு அணையும், கலசபாக்கம் பகுதியில் மிருகண்டா அணையும் இந்நீரைத் தேக்குகின்றன. அவற்றின் கீழே நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைகின்றன.

மேலே சரிவுக் கொல்லை, கீழே பாசன வயல், இரண்டையும் இணைக்கும் ஓடை என்ற இவ்வமைப்பில் மண்ணில் விழும் எந்தப் பொருளும் விழுந்த இடத்திலேயே கிடப்பதில்லை. எவ்வளவு நஞ்சு தெளிக்கப்பட்டது என்று மட்டும் கேட்டால் விடையில் பாதிதான் கிடைக்கும். அது விழுந்த மண்ணில் என்ன இருந்தது என்பது மறுபாதி. மண்ணில் என்ன இருந்தது என்பதோ, அம்மண்ணுக்கு முந்தைய நூறாண்டுகளில் எரு கிடைத்ததா, கிடைத்தது எவ்வகை எரு என்பதைப் பொறுத்தது. ஆகவே இது வேதியியல் வினாவாக இருக்கும் அளவுக்கு வரலாற்று வினாவாகவும் இருக்கிறது.

எரு, உரம், மருந்து

திருக்குறளின் உழவு அதிகாரம் எருவை இருமுறை பேசுகிறது. ஓரிடத்தில் உழுதலினும் எருவிடுதல் நன்று என்கிறது. மற்றோரிடத்தில், ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உணக்கினால் ஒரு பிடி எருவும் தேவையில்லை என்கிறது. இரண்டிலும் வரும் சொல் 'எரு'. 'உரம்' என்னும் சொல் பழைய நூல்களில் வலிமையையும் உறுதியையும் குறித்து நின்றது. இன்று அது கடையில் மூட்டையாக விற்கும் பொருளுக்குப் பெயராகியிருக்கிறது. பூச்சிக்கொல்லிக்கோ உழவர் வழக்கில் 'மருந்து' என்றே பெயர். மருந்தடித்தல், குருணை மருந்து என்பன அன்றாடப் பேச்சு. மண்ணின் வலிமைக்கு ஒன்று, பயிரின் நோய்க்கு ஒன்று என்று மொழி பிரித்துக்கொண்ட பின் இவ்விரண்டும் ஒரே உரக்கடையில் அடுத்தடுத்த அடுக்குகளில் வந்து அமர்ந்தன.

பழைய வழக்கத்தில் இப்பிரிவு இவ்வளவு கூர்மையாக இல்லை. வேப்பம் புண்ணாக்கு எருவும் ஆகும், பூச்சியையும் விரட்டும். எருக்கு, ஆடாதோடை, புங்கு, வேம்பு ஆகியவற்றின் தழையைச் சேற்றில் மிதித்த உழவர் தழைச்சத்துக்காக மட்டும் அதைச் செய்தனர் என்று சொல்ல முடியாது. கசப்பும் நெடியும் உள்ள தழைகள் அந்தப் பட்டியலில் இத்தனை இடம் பிடித்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. சென்னை மாகாண மீன்வளத் துறை மீனெண்ணெயிலிருந்து சோப்புச் செய்து அதனைப் பூச்சிக்கொல்லியாக விற்றது.

தழை எடுக்கும் உரிமை

மலையடிவார ஊர்களுக்குக் காடே எருக்கிடங்கு. தழையும் சருகும் அங்கிருந்து வந்தன. மாடும் ஆடும் அங்கே மேய்ந்து சாணத்தையும் புழுக்கையையும் இரவில் பட்டியிலும் கிடையிலும் விட்டன. சென்னை வனச் சட்டம் 1882-இல் வந்தது. அடுத்த ஆண்டு டீட்ரிக் பிராண்டிஸ் சென்னை மாகாண வன நிர்வாகம் பற்றிய தம் பரிந்துரைகளை அளித்தார். ஒதுக்குக் காடுகள் வரையறுக்கப்பட்டபின் தழை எடுப்பதும் மாடு ஓட்டுவதும் அனுமதிக்கும் கட்டணத்துக்கும் உரிய செயல்களாயின. மரத்தையும் சந்தனத்தையும் காக்க எழுந்த வேலி, மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்த கரிமப் பொருளின் வழியிலும் குறுக்கே நின்றது.

இதனை அக்காலத்திலேயே கண்டவர் உண்டு. இங்கிலாந்தின் வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1889-இன் இறுதியில் இந்தியா வந்து ஓராண்டுக்கு மேல் சுற்றிப் பார்த்து 1893-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். விறகு கிடைக்காத உழவனே சாணத்தை எரிக்கிறான். அவனுக்கு விறகும் தீவனமும் தரும் காடுகளை உண்டாக்கினால் சாணம் நிலத்துக்குத் திரும்பும் என்பது அவர் வாதத்தின் சாரம். வருவாய் நோக்கில் நடந்த வனத்துறை இதைக் கேட்டுத் தன்னை மாற்றிக்கொண்டதாகச் சொல்வது கடினம்.

மலைமேல் நிலைமை வேறு. சரிவுகளில் காட்டை வெட்டி எரித்துச் சாம்பலில் விதைக்கும் புனக்காட்டு வேளாண்மையை வன நிர்வாகம் அழிவாகவே கண்டது. மண்ணின் பக்கம் நின்று பார்த்தால் இன்னொரு செய்தி தெரிகிறது. எரித்த கொல்லையில் சாம்பலோடு கரித்துண்டுகளும் தங்குகின்றன. கரி எளிதில் மட்காது; பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். யாங், ஷெங் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கோதுமை, நெல் வைக்கோல்களை எரித்த எச்சம் டையூரான் என்னும் களைக்கொல்லியைச் சாதாரண மண்ணைவிட 400 முதல் 2500 மடங்கு வரை வலுவாகப் பற்றிக்கொண்டது. வைக்கோற் கரியையும் மலைச்சரிவின் மரக்கரியையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. எனினும், குற்றமாகக் கருதப்பட்ட ஒரு பழைய தொழில், பின்னால் வரவிருந்த நஞ்சைப் பிடித்துவைக்கும் திறனை மண்ணில் விட்டுச் சென்றிருக்கலாம் என்று கருத இடமுண்டு.

கோயம்புத்தூரில் இரண்டு அறைகள்

சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் கல்வி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறியது. அங்கு 1909-இல் தொடங்கிய நிலையான எருவூட்டச் சோதனை நூறாண்டுகளைக் கடந்த அரிய சோதனைகளுள் ஒன்று. எதுவும் இடாத பாத்தி, தழை, மணி, சாம்பல் சத்துக்களைத் தனித்தும் சேர்த்தும் இட்ட பாத்திகள், தொழு எரு மட்டும் இட்ட பாத்தி என ஒரே நிலம் பிரிக்கப்பட்டு ஆண்டுதோறும் அளக்கப்பட்டது. 1925-இல் இரண்டாம் சோதனை ஒன்றும் தொடங்கப்பட்டது. குன்னூரில் இருந்த இராபர்ட் மெக்காரிசன் 1926-இல் எருவுக்கும் தானியத்தின் ஊட்டத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்ததும், இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்த மட்கு எரு முறை 1931-இல் நூலாக வந்ததும் இக்காலத்தின் தொடர்ச்சிகள்.

அதே கோயம்புத்தூரில் பூச்சியியல் தனியே வளர்ந்தது. பெயின்பிரிட்ஜ் ஃபிளெச்சர் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலை 1914-இல் வெளியிட்டார், டி. வி. இராமகிருஷ்ண ஐயரின் கையேடு 1940-இல் வந்தது. வேதியியலாளர் அறையில் எரு. பூச்சியியலாளர் அறையில் நஞ்சு. ஒருவர் மண்ணை நோக்கினார், மற்றவர் இலையை நோக்கினார். இலையிலிருந்து வழிந்தது மண்ணுக்குத்தான் வரும் என்பது தெரியாததல்ல. அக்காலத்தில் பயன்பட்ட நஞ்சின் அளவு குறைவாக இருந்ததால் அது கேள்வியாக எழவில்லை, அவ்வளவே. பிழை என்று இதைச் சொல்வதைவிட வேலைப் பங்கீடு என்று சொல்வதே பொருந்தும். ஆனால் அப்பங்கீடு அதன் காலம் முடிந்த பின்னும் நீடித்தது.

நஞ்சின் வருகை

டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைப் பால் முல்லர் 1939-இல் கண்டார். இந்தியாவில் பி.எச்.சி. உற்பத்தி 1952-இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் தொடங்கியது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1954-இல் தில்லியில் இந்துஸ்தான் பூச்சிக்கொல்லி நிறுவனமும் வந்தன.

மலேரியா ஒழிப்புக்காகச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டபோதே இக்கட்டுரையின் பொருள் முதல்முறையாகத் தலைகாட்டிற்று. மண்சுவரில் தெளித்த மருந்து, மரப்பலகையில் தெளித்ததைவிட விரைவில் வீரியம் இழந்தது. உலர்ந்த சேறு பூச்சிக்கொல்லியைத் தன்னுள் இழுத்துக்கொள்வதை ஹாடவே, பார்லோ ஆகியோர் 1951-இல் எடுத்துக்காட்டினர். கொசுவின் கால் படும் மேற்பரப்பில் மருந்து இல்லை. அது சுவருக்குள் போய்விட்டது. மறைந்தது போலத் தோன்றியது உண்மையில் இடம் மாறியிருந்தது.

குறையாகக் கண்டதும் குணமாகக் கண்டதும்

மண்ணிலும் இதே கதை நிகழ்ந்தது. எட்வர்ட்ஸ், பெக், லிக்டென்ஸ்டீன் ஆகியோர் 1957-இல் ஆல்ட்ரின், லிண்டேன் ஆகியவற்றைப் பல்வகை மண்ணில் சோதித்தபோது, கரிமப் பொருள் மிகுந்த மண்ணில் அவை பூச்சிகளைக் கொல்லும் திறன் குறைந்தது. பூச்சியியலாளருக்கு இது ஒரு தொல்லை: மட்கு மிகுந்த மண்ணுக்கு அதிக அளவு மருந்து வேண்டும். எரு நஞ்சைப் பிடித்துவைக்கிறது என்ற உண்மை, மருந்து வீணாகிறது என்ற முறையீடாகவே அறிவியலுக்குள் நுழைந்தது.

அது நற்பண்பாக மாறிய ஆண்டு 1979. அமெரிக்காவின் லாங் தீவில் உருளைக்கிழங்கு வயல்களை அடுத்த கிணறுகளில் ஆல்டிகார்பும், கலிபோர்னியாக் கிணறுகளில் டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லியும் அவ்வாண்டு கண்டறியப்பட்டன. லாங் தீவின் மண் மணற்பாங்கானது; மட்கு குறைந்தது; நஞ்சு தடையின்றி இறங்கிற்று. மின்னூட்டமற்ற ஒரு நஞ்சு மண்ணில் எவ்வளவு ஒட்டும் என்பதை முதன்மையாக அம்மண்ணின் கரிமமே முடிவு செய்கிறது என்பதைச் சியூ குழுவினரும் காரிக்ஹாஃப் குழுவினரும் அளவீட்டோடு நிறுவியதும் அதே 1979-இல்தான். இந்த ஒட்டுதலை ஓர் எண்ணால் குறிப்பர். டி.டி.டி.க்கு அவ்வெண் லட்சங்களில் நிற்கிறது. கார்போஃபியூரானுக்குப் பத்துகளில் நிற்கிறது. டி.டி.டி. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்குகூடக் கரையாது. கார்போஃபியூரான் 300 மில்லிகிராமுக்கு மேல் கரையும். நம் வயல்களில் குருணை மருந்தாக விழுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. எரு இட்டால் இரண்டும் ஒன்றுபோல் அடங்கிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இதற்குள் வேறொரு கண்டுபிடிப்பு நடந்திருந்தது. அது முன்னதற்கு நேர் எதிரானது. வெர்ஷா குழுவினர் 1969-இல், மட்கிலிருந்து பிரித்த சோடிய ஹியூமேட்டின் அரை விழுக்காட்டுக் கரைசலில் டி.டி.டி. தூய நீரில் கரைவதைப்போல் குறைந்தது 20 மடங்கு கரைவதைக் கண்டனர். பாலார்டு 1971-இல் காட்டுத் தரையில் இதையே காட்டினார். யூரியா இட்டபோது மண்ணின் காரத்தன்மை ஏறி மட்கின் ஒரு பகுதி நீரில் கலைந்தது, அதோடு டி.டி.டி.யும் கீழே நகர்ந்தது. திடநிலையில் காவலாக நின்ற அதே மட்கு, கரைந்த நிலையில் சுமைதூக்கியாயிற்று. பிற்காலத்தில் இஸ்ரேலில் கழிவுநீர்ப் பாசனத்தின்கீழ் அட்ரசினும், சாக்கடைக் கசடு இட்ட மண்ணில் நாப்ரோபமைடும் இவ்வாறு கூடுதலாக நகர்வது 1990களில் பதிவாயிற்று.

மட்காத எருவுக்கும் மட்கிய எருவுக்கும் உள்ள வேறுபாடு இங்கே முதன்மை பெறுகிறது. பச்சைக் கோழி எருவிலும் புதுச் சாணத்திலும் சாக்கடைக் கசடிலும் நீரில் கரையும் கரிமம் மிகுதி. நன்கு மட்கிய தொழு எருவிலும் மட்கவைத்த தென்னை நார்க்கழிவிலும் அது குறைவு. எருவைக் குழியில் போட்டு மட்கவிட்டே வயலுக்கு எடுக்க வேண்டும் என்ற உழவர் வழக்கத்துக்குப் பயிர் வெந்துபோகும், களைவிதை முளைக்கும் என்பனவே காரணங்களாகச் சொல்லப்பட்டு வந்தன. அவை உண்மையே. நஞ்சின் நகர்வு என்பது அவ்வழக்கத்துக்கு வேதியியல் பின்னால் சேர்த்துக்கொடுத்த காரணம்.

மூன்றாம் செயலைக் கண்டதில் இந்தியருக்குச் சிறப்பான பங்குண்டு. பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனத்தில் கே. இரகுவும் மேக்ரேயும், நீர் தேங்கிய மண்ணில் காமா பி.எச்.சி.யை நுண்ணுயிர்கள் சிதைப்பதை 1966-இல் வெளியிட்டனர். முதல்முறை இட்டபோது மெதுவாக மறைந்த மருந்து, இரண்டாம் முறை விரைந்து மறைந்தது. டயசினான் மீண்டும் மீண்டும் இட்ட வயலிலிருந்து, அதையும் பாரத்தியானையும் உடைக்கும் ஃபிளேவோபாக்டீரியம் ஒன்றைச் சேதுநாதனும் யோஷிதாவும் பிரித்தெடுத்தது 1973-இல். சேதுநாதன் பின்னர்க் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆய்வு நிறுவனத்தில் இப்பணியைத் தொடர்ந்தார். நீர் தேங்கி உயிர்வளியற்ற சேற்றில், வைக்கோல் போன்ற கரிமப் பொருள் சேரும்போது பி.எச்.சி. வகை நஞ்சுகளின் சிதைவு விரைவதும் இக்காலத்தில் தெரியவந்தது. இதுவும் முதலில் 'மருந்து கேட்கவில்லை' என்ற முறையீட்டிலிருந்து பிறந்த அறிவே.

வெள்ளாற்றுக் கணக்கும் மலைச் சரிவும்

தமிழகத்தில் வயலிலிட்ட நஞ்சு எங்கே போகிறது என்று முழுக்கணக்கு எடுத்த ஆய்வு பரங்கிப்பேட்டையைச் சார்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையத்தின் அ. சுப்பிரமணியனும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்துத் தனாபே முதலியோரும் சேர்ந்து நடத்திய இவ்வாய்வின் முடிவுகள் 1991-இல் வந்தன. வெள்ளாற்றுப் படுகையின் நெல்வயல்களில் இட்ட பி.எச்.சி.யில் 99.6 விழுக்காடு காற்றில் ஆவியாகிப் போயிற்று. கழிமுகத்துக்கு வடிந்தது 0.4 விழுக்காடே. வெப்பமண்டல நஞ்சு உலகின் குளிர்ந்த பகுதிகளுக்குக் காற்றில் பயணம் செய்வதை விளக்கியதால் இவ்வெண்கள் உலகெங்கும் மேற்கோளாயின.

இவ்வெண்ணைக் கொண்டு நீர்வழியே போவது பொருட்படுத்தத் தக்கதன்று என்ற முடிவுக்கு வருவது தவறாகும். முதலாவதாக, அது பி.எச்.சி.யின் கணக்கு. எளிதில் ஆவியாகும் அந்நஞ்சு 1997-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பின்வந்தவற்றுள் பல நீரில் நன்கு கரைபவை, ஆவியாதல் குறைந்தவை. இரண்டாவதாக, அது சமவெளிச் சேற்று வயலின் கணக்கு. தேங்கிய நீர், உழவடிச் சேற்றுப் படலம், உயிர்வளியற்ற மண் ஆகிய மூன்றும் நஞ்சை நிறுத்தவும் சிதைக்கவும் உதவுவன. ஜவ்வாது மலையின் மானாவாரிக் கொல்லையில் இம்மூன்றும் இல்லை. மெல்லிய மண்ணின் கீழே பாறை. பாறை வெடிப்பிலும் புற்றுவழியிலும் வேர்த்துளையிலும் மழைநீர் மண்ணைத் தொட்டும் தொடாமலும் இறங்கிவிடுகிறது. அவ்வழியில் போகும் நீருக்கு மட்கின் பிடி எட்டாது. கோடை முடிந்த முதல் கனமழையோ மேல்மண்ணையே அள்ளிச் செல்கிறது. மட்கில் ஒட்டிக்கொண்ட நஞ்சும் அதோடு வண்டலாக ஓடைக்குப் போகிறது. பிடித்துவைத்தல் என்பது மண் அசையாதிருக்கும்வரைதான்.

ஆகவே சரிவில் எருவின் முதற்பயன், நஞ்சை ஒட்டவைப்பதைவிட, மண்ணைத் துகளாகக் கட்டி அரிப்பைத் தடுப்பதாக இருக்கலாம். கல்வரப்பும் மூடாக்கும் இல்லாத சரிவில், மழைக்கு முன்னாளில் கொட்டிய பச்சை எரு எதிர்வினையே தரும். மலையில் சாமைக்கு நஞ்சுப் பயன்பாடு மிகக் குறைவு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிக்கல் கூர்மையடைவது, சந்தைப் பயிர்கள் சரிவேறும் இடங்களிலும், சர்க்கரை ஆலைக் கழிவும் கோழி எருவும் குருணை மருந்தும் ஒரே பருவத்தில் இடப்படும் அடிவார நிலங்களிலும்தான்.

இரண்டு சட்டங்கள்

கோயம்புத்தூரின் இரு அறைகள் தில்லியில் இரு சட்டங்களாயின. 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த உணவுப் பொருளை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நீதிபதி ஜே. சி. ஷா ஆணையத்தின் விசாரணையைத் தொடர்ந்து 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. நஞ்சும் உணவும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டதால் நேர்ந்த சாவுகளிலிருந்து பிறந்த சட்டம் அது. அதனால் பொட்டலம், முத்திரை, கடை, உரிமம், சேமிப்பு, கையாளும் மனிதர் என்ற வரிசையிலேயே அதன் கவனம் சென்றது. எருவோ இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் கீழமைந்த 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் எல்லைக்குள் 2006-இல்தான் அங்கக உரம் என்ற பெயரில் நுழைந்தது.

2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அங்கக வேளாண்மைக் கொள்கை, நஞ்சை விட்டு எருவுக்கு மாறும் உழவரை முன்னிறுத்துகிறது. அம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதன்று. பல பருவங்கள் ஒரே நிலத்தில் பழைய நஞ்சின் எச்சமும் புதிய எருவும் சேர்ந்தே கிடக்கும். பக்கத்து வயலின் மருந்து வாய்க்கால் வழியே வந்துகொண்டும் இருக்கும். செய்யாற்றுப் படுகையின் உழவர் அவ்வாறு மாறும்போது எந்த எருவை, எந்த நிலையில், மழைக்கு எத்தனை நாள் முன்பாக இடுவது என்பதற்கு வழிகாட்டும் எண் எதுவும் மூட்டையின் மேல் இல்லை. உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் குப்பை எருவுக்கு ஈரப்பதம், மொத்தக் கரிமம், கரிம–தழைச்சத்து விகிதம், கார அமில நிலை, உப்பின் அளவு, நோய்க்கிருமி, ஆர்சனிக்கு, காட்மியம், ஈயம் முதலிய உலோகங்கள் ஆகியவற்றுக்கு எல்லை வகுத்திருக்கிறது. நீரில் கரையும் கரிமத்தின் அளவும் பூச்சிக்கொல்லி எச்சமும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. பூச்சிக்கொல்லிப் புட்டியின் மேல் அச்சிடப்படும் ஹெக்டேர் அளவும் மண்ணில் எரு இருக்கிறதா என்று கேட்பதில்லை.